சிரிக்க வைத்தே விற்கும் ‘கசங்கல் மாமா’: இணையத்தில் பொருள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இணையக் கடைகளில் மதிப்புரைகளைப் படித்துவிட்டே பொருள் வாங்குபவர்கள், அதிலும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் மதிப்புரைகளைத் தேடிப் படிப்பவர்கள், இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘கசங்கல் மாமா’ என்ற பெயரில் வெளியாகியிருந்த ஒரு நகைச்சுவை மதிப்புரையைப் படித்துவிட்டு நான் கையடக்க நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அந்தப் பெட்டி துணியின் மேல் கொதிநீரைத் துப்பியது என்பது பாதிக் கதை. அப்படியொரு மாமாவே கிடையாது என்பதும், பொருளை விற்றவர்களே அவரைப் படைத்திருக்க வேண்டும் என்று எண்ண வலுவான காரணங்கள் இருக்கின்றன என்பதும் மீதிக் கதை.

மதிப்புரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதை மறுக்க முடியாது. மாமா ஓய்வுபெற்ற அலுவலர். சட்டையில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் வீட்டின் ‘உள்துறை அமைச்சர்’ அவரை வாசலிலேயே மறித்து விசாரணை நடத்துவாராம். இந்தப் பெட்டி வந்த பிறகு விசாரணைக் கமிஷன் கலைக்கப்பட்டுவிட்டதாம். நடுநடுவே குறைகளும் சொல்லப்பட்டிருந்தன. ‘வயர் ரொம்பக் குட்டை, சுவரோடு ஒட்டி நின்றுதான் தேய்க்கிறேன், பார்ப்பவர்கள் எனக்கு ஏதோ தண்டனை என்று நினைக்கிறார்கள்’ என்று ஓரிடத்தில் இருந்தது. ‘பெட்டி என்னைப் போலவே இளகிய மனசு, கொஞ்சம் சாய்த்தால் கண்ணீர் விட்டுவிடும்’ என்று இன்னோரிடத்தில் இருந்தது. இப்படிக் குறையையும் மறைக்காமல் சொல்பவர் பொய் சொல்லமாட்டார் என்றே யாருக்கும் தோன்றும். ‘பயனுள்ளது’ என்ற பொத்தானை ஏராளமானோர் அழுத்தியிருந்ததால், அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவதே மாமாவின் மதிப்புரையாகத்தான் இருந்தது.

பெட்டி வந்தது. கோடு வரை தண்ணீர் ஊற்றி, விளக்கு எரிந்ததும் தேய்க்கத் தொடங்கினேன். முதுகுப் பக்கம் வரை நன்றாகத்தான் போயிற்று. காலரைத் தேய்ப்பதற்காகப் பெட்டியைச் சற்றுச் சாய்த்ததும், நீராவி வரும் துளைகளில் ஒரு களகளச் சத்தம் எழுந்து, கொதிக்கும் தண்ணீர் துணி மீதும் என் மணிக்கட்டு மீதும் தெறித்தது. சட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் விழுந்தது. துவைத்தும் அது முழுதாகப் போகவில்லை. தண்ணீரைக் குறைத்து ஊற்றியும், காய்ச்சி வடித்த நீரை ஊற்றியும் பார்த்துவிட்டேன். நிமிர்த்திப் பிடித்திருக்கும்வரை நீராவி வருகிறது, சாய்த்தால் கொதிநீர்தான் வருகிறது. காலரையும் கைமடிப்பையும் சாய்க்காமல் தேய்ப்பது எப்படி என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

‘கண்ணீர் விடும்’ என்று மாமா எழுதியது நகைச்சுவையே அல்ல, பொருளின் உண்மையான, கையைச் சுடக்கூடிய குறைபாடு என்பது அப்போதுதான் தெரிந்தது. இதைவிட வேடிக்கை என்னவென்றால், குட்டை என்று அவர் அலுத்துக்கொண்ட வயர் உண்மையில் தாராளமான நீளம். அறையின் மறுமூலை வரை வருகிறது. பொருளைக் கையில் எடுத்த எவரும் வயரைப் பற்றி அப்படி எழுதியிருக்க முடியாது. ஒழுகுவதைப் பற்றி அறிந்திருந்தும் வயரின் நீளத்தை அறியாத ஒருவர் யாராக இருக்க முடியும்? வாங்கியவர்கள் அனுப்பிய புகார்களைப் படித்திருந்து, பெட்டியை ஒருமுறைகூடப் பயன்படுத்திப் பார்க்காத ஒருவராகத்தான் இருக்க முடியும்.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதினேன். தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்திவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது என்று முதல் பதில் வந்தது. தண்ணீர் ஊற்றாமல் நீராவிப் பெட்டியை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். அதற்கு வந்த இரண்டாவது பதிலைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்: சாய்த்தால் சிறிது நீர் கசியும் என்பது வாடிக்கையாளர் மதிப்புரைகளிலேயே தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதாம், அதைப் படித்த பிறகே நான் வாங்கியிருப்பதால் குறைபாட்டை மறைத்ததாகச் சொல்ல முடியாதாம். படிக்கும்போது சிரிப்பு, புகார் செய்யும்போது அதுவே முன்னறிவிப்பு! பொய் மதிப்புரைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் விற்றவருக்கு இப்படி இரண்டு பக்கமும் உதவும் ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதன் பிறகு மாமாவின் பெயரை அழுத்தி, அவர் எழுதிய மற்ற மதிப்புரைகளையும் வரிசையாகப் படித்தேன். முடிவெட்டும் கருவிக்கு எழுதியதில் அவர் பூனையோடு தனியாக வாழும் பிரம்மச்சாரி. குடைக்கு எழுதியதில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர். மேசை விளக்குக்கு எழுதியதில் மீண்டும் உள்துறை அமைச்சர் தலைகாட்டுகிறார். எல்லாப் பொருள்களையும் விற்பவர் ஒருவரே. மாமா தம் வீட்டில் எடுத்ததாகப் போட்டிருந்த படத்தில், பெட்டியின் கீழே நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு ஒன்று ஓரம் மடங்கிக் கிடந்தது. விற்பனையாளரின் சொந்த விளம்பரப் படத்திலும் அதே விரிப்பு, அதே மடிப்புடன் இருந்தது. இவை அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். மாமாவை இயக்குவது யாருடைய கை என்பதை நான் நேரில் கண்டதில்லை என்றாலும், மேசைவிரிப்பு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நகைச்சுவையின் மீதோ புனைபெயரின் மீதோ எனக்கு எந்தப் பகையும் இல்லை. அமேசானில் மூன்று ஓநாய்கள் நிலவைப் பார்த்து ஊளையிடும் படம் போட்ட டீ-ஷர்ட்டுக்கு 2008இல் ஒருவர் எழுதிய கிண்டல் மதிப்புரை அடுத்த ஆண்டு உலகமெங்கும் பரவி, அந்தச் சட்டையையே அதிகம் விற்கும் உடையாக ஆக்கியது. ‘பெண்களுக்காக’ என்று பிக் நிறுவனம் வெளியிட்ட பேனாவை 2012இல் வாசகர்கள் கும்பலாகச் சேர்ந்து கேலி செய்து எழுதினார்கள். அவற்றில் வந்தவர்களும் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் அது கற்பனை என்பது படிப்பவர் அனைவருக்கும் தெரியும். சட்டையைப் போட்டால் ஓநாய் தேடி வரும் என்று நம்பி யாரும் ஏமாறவில்லை. மாமாவின் வித்தை வேறு வகையானது. அங்கே சிரிப்பு வெளிப்படையாகவும் ஆள்மாறாட்டம் மறைவாகவும் இருக்கின்றன. சிரித்தவர்கள் அழுத்துவதற்கு ‘சிரிப்பு வந்தது’ என்று தனிப் பொத்தான் இல்லாததால் அவர்கள் ‘பயனுள்ளது’ என்பதையே அழுத்துகிறார்கள். தளம் அதைப் பொருளைப் பற்றிய சான்றாக எடுத்துக்கொண்டு மதிப்புரையை மேலே தூக்கி வைக்கிறது. பக்கத்தின் அடியில் ‘கை சுட்டுவிட்டது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்த ஒருவரின் ஒற்றை நட்சத்திரத்தை அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

இது ஏதோ ஒரு சில்லறை வியாபாரியின் தந்திரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறால் பெயர் மறைத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் வெளிப்பட்டபோது, தங்கள் நூல்களுக்குத் தாங்களே பாராட்டு எழுதிக்கொண்ட எழுத்தாளர்கள் சிலர் பிடிபட்டார்கள். சண்டே ரைலி என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019இல் சுமத்திய குற்றச்சாட்டின்படி, அங்கே ஊழியர்களே வெவ்வேறு ஆட்களைப் போலக் கணக்குகள் தொடங்கி மதிப்புரை எழுதும்படியும், பாதகமான மதிப்புரைகளுக்கு எதிராகப் பொத்தானை அழுத்தும்படியும் பணிக்கப்பட்டிருந்தார்கள். அதே ஆணையம் கொண்டுவந்து 2024 அக்டோபர் 21 அன்று நடைமுறைக்கு வந்த விதி, இல்லாத ஒருவரின் பெயரில் மதிப்புரை எழுதுவதையும் விற்பதையும் வெளிப்படையாகத் தடை செய்கிறது. பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் முதல் போலி மதிப்புரைகளுக்குத் தடை இருக்கிறது.

போலியை நம் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் சிகாகோவின் 20 விடுதிகளைப் பற்றிய 400 உண்மை மதிப்புரைகளையும், கூலி கொடுத்து எழுதி வாங்கிய 400 போலி மதிப்புரைகளையும் கலந்து ஆராய்ந்தார்கள். படித்துப் பார்த்த மனிதர்களின் தீர்ப்பு கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட அதிகம் தேறவில்லை. கணினி நிரலோ ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாகப் பிரித்தது. உண்மையாகத் தங்கியவர்கள் குளியலறை, அறையின் அளவு, இருக்கும் இடம் போன்றவற்றைப் பற்றி எழுதியிருந்தார்கள். போலிகள் ‘நான்’ என்றும், உடன் வந்த கணவரைப் பற்றியும், எதற்காகப் பயணம் வந்தோம் என்பதைப் பற்றியுமே அதிகம் எழுதியிருந்தன. உள்துறை அமைச்சரும் பூனையும் எதற்காக வந்தார்கள் என்பது இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

இப்போதெல்லாம் சிரிப்பு மதிப்புரை ஒன்றைப் பார்த்தால், அதிலுள்ள நகைச்சுவையையும் குடும்பக் கதையையும் மனத்துக்குள் அடித்துவிட்டு, மீதி என்ன நிற்கிறது என்று பார்க்கிறேன். தண்ணீர் எவ்வளவு பிடிக்கிறது, எத்தனை நிமிடம் நீராவி வருகிறது, கையில் கனக்கிறதா என்பனவற்றில் ஒன்றுகூட மாமாவின் மதிப்புரையில் இல்லை. வரிசையைப் ‘புதியவை முதலில்’ என்று மாற்றி, இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்புரைகளைப் படிப்பது வேகமான வழி. பெரிதாக மகிழவும் சினக்கவும் காரணம் இல்லாத அவர்கள்தாம் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். எழுதியவரின் பெயரை அழுத்தி மற்றவற்றையும் பார்ப்பதும் நல்லது, ஆனால் சில தளங்கள் அந்தப் பட்டியலை மறைத்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தளத்தின் புகார்ப் பிரிவு என் படங்களைப் பார்த்தபின் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டிக்கு மாமா எழுதியது நீக்கப்பட்டுவிட்டது. மற்றவை அப்படியே இருக்கின்றன. நீக்கப்பட்ட விசாரணைக் கமிஷன் வரி, துணி உலர்த்தும் கருவி ஒன்றின் பக்கத்தில் ஒரு ‘அத்தை’யின் பெயரில் சொல் மாறாமல் வந்திருப்பதை நேற்றுப் பார்த்தேன். இதே பெட்டியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஆர்டர் எண்ணுடனும், பெட்டியைச் சாய்க்கும்போது எடுத்த வீடியோவுடனும் தளத்தில் புகார் பதியுங்கள். விற்பனையாளருடன் தொலைபேசியில் பேசாமல், எல்லாவற்றையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.