பழஞ்சுவர் வரைய ஒரு சின்னப் பெட்டி: கொட்மன் 12 கட்டி நீர்வர்ணம்

வின்சர் அன்ட் நியூட்டனின் கொட்மன் நீர்வர்ணப் பெட்டி, 12 அரைக்கட்டிகளோடு (தண்ணீர் தொட்டுக் கரைக்கும் சிறு வர்ணக் கட்டிகள்) கைக்குள் அடங்கும் அளவில் வருகிறது. வன்னியின் பழைய கட்டடங்களுக்கு முன்னால் இருந்து வரைகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் பழஞ்சுவர் என்று வரும்போது இதில் வேலை செய்வது மூன்று நிறங்கள்தான்: யெலோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், பேர்ண்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் என்ற ஆழ்ந்த நீலம்.

அல்ட்ராமரைன் மணிமணியாகப் படியும் நிறம். அதன் துகள் கடதாசியின் குழிகளில் போய் இறங்கும். சியென்னாவோடு கலந்தால் ஒரு சாம்பல் வரும். காய்ந்த பிறகு அது அங்கங்கே நீலமும் செம்மையுமாகப் பிரிந்து நிற்கும். மழை வழிந்து கறுத்த சுண்ணாம்புச் சுவரின் நிறம் அதேதான். கறுப்பு வாங்கிக் கலந்தால் இந்த உயிர் வராது, புதுச் சீமெந்துபோல ஒரே தட்டையாகக் கிடக்கும்.

மன்னார் மாவட்டத்தின் அரிப்பு என்ற கரையோர ஊரில் உள்ள டொரிக் மாளிகையை எடுத்துக்கொள்வோம். ஊரில் அல்லிராணி கோட்டை என்பார்கள். கட்டுவித்தவர் முதல் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்காக. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான கட்டடம், கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. அதனால் கடற்பக்கச் சுவரை முதலில் வரையுங்கள், மூலையில் திகதியும் போடுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தச் சுவர் நிற்குமென்று நம்பியிருக்க முடியாது.

முதலில் ஓக்கரை நன்றாகத் தண்ணீராக்கிச் சுவர் முழுதும் ஒரு பூச்சு. அது காய்ந்தபின், சாந்து கழன்று செங்கல் தெரியும் இடத்தை மட்டும் வெறுந்தண்ணீரால் நனைத்து, அதற்குள் சியென்னாவைத் தொட்டுவிடுங்கள். நிறம் நனைத்த எல்லையோடு நின்றுவிடும். அந்தக் கூரான ஓரமே உரிந்த சாந்தின் விளிம்பு. அதுவும் காய்ந்ததும், மேல்விளிம்பை ஒட்டிச் செங்கல்லின்மேல் மயிரிழைத் தடிப்பில் சாம்பல் நிழல் ஒன்று இழுங்கள். சாந்து கடதாசியை விட்டு எழும்பி நிற்கும்.

பொரிந்துபோன சுவருக்கு ஆனையிறவுக் கல்லுப்பு. பூச்சின் மினுக்கம் மங்குகிற நேரம் பார்த்து நாலைந்து கல் போட்டால், ஒவ்வொன்றும் பக்கத்து ஈரத்தை இழுத்துப் பூப்போல வெளிறும். மினுக்கத்தோடு போட்டால் உப்புக் கரைந்துவிடும், காய்ந்தபின் போட்டால் ஒன்றும் நடக்காது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்த இடைவெளி மிகக் குறைவு, ஆகவே உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரேயடியாக நனைக்காதீர்கள். காய்ந்ததும் உப்பை முழுக்கத் தட்டிவிட வேண்டும்; மிச்சம் கிடந்தால் மாரியில் ஈரம் இழுத்துப் படத்தைக் கெடுக்கும்.

குறைகள் உண்டு. மாணவர் தரம் என்பதால் நிறச்செறிவு கொஞ்சம் குறைவு. கதவு ஜன்னல் இல்லாத வாசல்களின் உள்ளிருட்டு ஒரு பூச்சில் வராது, காயவிட்டு இரண்டு தரம் போட வேண்டும். கூட வரும் தூரிகை சிறியது. 8ஆம் இலக்க உருண்டைத் தூரிகை ஒன்று தனியாக வேண்டும். பெட்டியில் உள்ள வெள்ளை நிறமான சைனீஸ் வைற் இந்த வேலைக்கு உதவாது. சுண்ணாம்பின் வெள்ளைக்குக் கடதாசியையே பூசாமல் விடுவதுதான் சரி.

பெட்டியைவிடக் கடதாசிக்குக் காசைச் செலவழியுங்கள். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசி, சொரசொரப்பானது. பள்ளிக்கூட வரைதல் கொப்பி முதல் பூச்சிலேயே நெளிந்து, தண்ணீர் பள்ளத்தில் தேங்கி, வேண்டாத இடத்தில் கறை பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் அதிலும் கலக்க வேண்டாம், குடிக்கிற தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுபோங்கள்.

கட்டிகள் தனித்தனியாகவும் விற்பனைக்கு உண்டு. பழஞ்சுவர் வரைகிறவருக்கு முதலில் தீர்வது சியென்னாதான். சைனீஸ் வைற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது சியென்னாவை வையுங்கள்.