ஜம்ப் ஸ்டார்ட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் எடை போட்டுக்கொள்ளுங்கள்

கார் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்ய உதவும் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள், முதலில் அதைத் தராசில் வைத்து எடையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசு போதும். திரும்பி வாங்கும்போது மறுபடியும் எடை போடுங்கள். இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், திருச்சியில் ஒரு ரிப்பேர் கடை என்னிடம் 5,200 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

என்னுடையது பழைய வகைப் பெட்டி. மச்சான் துபாயில் இருந்தபோது கப்பல் கார்கோவில் போட்டு அனுப்பியது. மேலே கைப்பிடி, ஒரு பக்கம் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், இன்னொரு பக்கம் டார்ச், பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கனத்த முதலைக் கிளிப். உள்ளே 12 வோல்ட் 18 ஏஎச் சீல்டு லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி. ஏஎச், அதாவது ஆம்பியர்-அவர், என்பது பேட்டரியின் கொள்ளளவு. மொத்தமாக எட்டு கிலோ இருக்கும். எங்கள் ஊர் திருச்சியிலிருந்து தள்ளி இருக்கிறது. ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கள் பொலிரோதான் போகும். அதனால் இந்தப் பெட்டி எங்களுக்கு ஆடம்பரப் பொருள் இல்லை.

நாளானதில் அது சார்ஜ் பிடிக்காமல் போனது. இரவு முழுக்கப் போட்டு எடுத்தாலும் மறுநாள் மஞ்சள் விளக்குதான் எரியும். கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முன்னால் இருக்கிற பட்டனை அழுத்தி விளக்கைப் பார்த்தார்.

"போர்டு போயிருச்சு சார். பேட்டரியும் வீக். ரெண்டையும் மாத்திட்டா புதுசு மாதிரி ஆயிரும்."

சர்க்யூட் போர்டுக்கு 1,900, பேட்டரிக்கு 2,800, கூலி 500 என்றார். இதெல்லாம் பழைய மாடல், லித்தியம் பேக் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலமாரியிலிருந்து ஒன்றைக் காட்டவும் செய்தார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கப் போன அன்று டார்ச்சைப் போட்டுக் காட்டினார், கம்ப்ரஸரை ஓட்டிக் காட்டினார், மல்டிமீட்டரை வைத்து 12.9 வோல்ட் என்றும் காட்டினார். தூக்கிப் பார்த்தால் பெட்டி லேசாக இருந்தது. கேட்டேன். "இப்ப வர்ற பேட்டரியெல்லாம் அப்படித்தான் சார், டெக்னாலஜி மாறிருச்சு" என்றார். பழைய பேட்டரி எங்கே என்றதற்கு, அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார். பில் கேட்டேன். விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதி, ஆறு மாதம் வாரண்டி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணத்தை யூபிஐயில் அனுப்பினேன்.

ஒரு விடியற்காலை அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பொலிரோவில் சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்குகள் மங்குகின்றன, செல்ஃப் எடுக்கவில்லை. பெட்டியை எடுத்து, சிவப்பை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பை இன்ஜின் இரும்பில் மாட்டி சாவியைத் திருப்பினேன். டொக் என்று ஒரே ஒரு சத்தம். பெட்டியில் இருந்த விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. உடனே கிளிப்பைக் கழற்றினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுத்தான் வண்டியைக் கிளப்பினோம். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு அந்தக் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

வீட்டில் வீடியோ எடுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தோம். 18 ஏஎச் இருந்த இடத்தில் 7 ஏஎச் பேட்டரி. சின்ன யூபிஎஸ் பெட்டிகளில் வருமே, அதே. 18 ஏஎச் பேட்டரி சுமார் ஐந்தரை கிலோ, இது இரண்டு கிலோவை ஒட்டி. மிச்ச இடத்தை தெர்மோகோல் துண்டுகளால் அடைத்திருந்தார்கள். லெட் ஆசிட் பேட்டரியில் சரக்கே ஈயம்தான். ஈயம் குறைந்தால் எடை குறையும், கொள்ளளவும் குறையும். எந்த டெக்னாலஜியும் அதை மாற்றிவிடவில்லை.

அதைவிடக் கோபம் வந்தது டெர்மினலைப் பார்த்தபோது. 18 ஏஎச் பேட்டரியில் போல்ட்டு நட்டு போட்டு முறுக்கும் டெர்மினல் இருக்கும். கனத்த கேபிளின் வளையத்தை அதில் இறுக்கலாம். 7 ஏஎச்சில் இருப்பது செருகும் வகைத் தட்டையான சின்னத் தகடு. விரல் மொத்தக் கேபிளை அந்தத் தகட்டில் சால்டர் வைத்து ஒட்டியிருந்தார்கள். டீசல் இன்ஜினை செல்ஃப் மோட்டார் சுழற்றும்போது இருநூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தத் தகடு என்ன ஆகும்? சூடாகி, சுற்றியிருந்த பேட்டரி மூடியே உருகியிருந்தது. கூடவே, 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் போகும் வயரில் இருந்த ஃபியூஸை எடுத்துவிட்டு வெறும் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். தீப்பிடித்திருந்தால் யார் பொறுப்பு?

மாற்றியதாகச் சொன்ன போர்டு? அதே பழைய போர்டு, அதே பழைய தூசியோடு. ஒரு சால்டர் புள்ளிகூடத் தொடப்படவில்லை. இந்த வகைப் பெட்டிகளில் போர்டின் வேலையே குறைவு. சார்ஜர் மின்சாரத்தை உள்ளே விடுவது, எத்தனை வோல்ட் என்று விளக்கில் காட்டுவது, அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பும் மின்சாரம் பேட்டரியிலிருந்து பெரிய சுவிட்ச் வழியாக நேராகக் கிளிப்புக்குப் போகிறது. அது போர்டைத் தொடுவதே இல்லை. ஆகவே மீட்டர் வைத்துப் பார்க்காமல் 'போர்டு போச்சு' என்று சொல்கிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கடையில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டினாரே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்று நடக்கிறது. குடமும் சொம்பும் இரண்டுமே விளிம்பு வரை நிறைந்துதான் இருக்கும். எது எத்தனை பேருக்குக் காணும் என்பது வேறு கேள்வி. 7 ஏஎச்சும் 18 ஏஎச்சும் முழு சார்ஜில் ஒரே 12.8 வோல்ட்டைத்தான் காட்டும். டார்ச் எரியும், கம்ப்ரஸரும் கொஞ்ச நேரம் ஓடும். லோடு கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும்.

அதற்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, 55 வாட், போதும். முழுக்க சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, பல்பை கிளிப்பில் மாட்டி நேரத்தைக் குறியுங்கள். பல்பு ஐந்து ஆம்பியரை ஒட்டி இழுக்கும். நல்ல 18 ஏஎச் பேட்டரி ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும். 7 ஏஎச் ஒரு மணி நேரத்திலேயே தள்ளாடும். வோல்ட் 10.5க்கு வந்ததும் நிறுத்திவிட்டு உடனே சார்ஜ் போட்டுவிட வேண்டும், இறங்கிய நிலையில் விட்டால் லெட் ஆசிட் பேட்டரி கெட்டுப்போகும். ரிப்பேர் கடையில் மூன்று மணி நேரம் நிற்க முடியாதுதான். வாங்கிய அன்றே வீட்டில் செய்துவிடுங்கள், கையில் ஆதாரமாக இருக்கும்.

கடைக்குக் கொடுப்பதற்கு முன்பே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் நாமே தெரிந்துகொள்ளலாம். முதலில் சார்ஜரின் முனையில் மீட்டரை வையுங்கள். அங்கேயே வோல்ட் வரவில்லை என்றால் சார்ஜர் மாற்றினால் போதும். வருகிறது என்றால் பெட்டியை முழுக்க சார்ஜ் போட்டு, சில மணி நேரம் கழித்து கிளிப்பில் அளந்து பாருங்கள். 12.7, 12.8 என்றால் சார்ஜ் பிடித்திருக்கிறது. எவ்வளவு போட்டாலும் 12க்குக் கீழேயே நின்றால் பெரும்பாலும் பேட்டரி தேய்ந்திருக்கும். 10.5ஐ ஒட்டி நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்கும். இந்த இரண்டுக்கும் புது பேட்டரிதான் வழி. 12.8 காட்டியும் வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். கார் பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா, எர்த் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் பெட்டியை கடைசியில் நானும் தம்பியும் சேர்ந்து சரி செய்தோம். யூபிஎஸ் பேட்டரி விற்கும் கடையில் 12 வோல்ட் 18 ஏஎச் பேட்டரி 2,600 ரூபாய், ஜிஎஸ்டி பில்லோடு. தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்கினோம். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, கறுப்பு வயரை முதலில் கழற்றி கடைசியில் மாட்டினோம். இரண்டு போல்ட்டு, ஒரு புது ஃபியூஸ், கருகின கேபிள் முனைக்குப் புது வளையம். வேலை முடிந்தது. பல்பு மூன்று மணி நேரம் எரிந்தது. டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கிளிப்பை மாட்டியவுடன் சாவியைத் திருப்பாமல் நாலைந்து நிமிடம் விடுங்கள். கார் பேட்டரி கொஞ்சம் ஏறிக்கொள்ளும், பெட்டியின் மேல் பாரம் குறையும்.

சரி, அந்த லித்தியம் பேக். அட்டையில் '20000 எம்ஏஎச், 2000 ஆம்பியர் பீக்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்னால் பொடி எழுத்தில் 37 வாட்-அவர் என்று இருந்தது. ஆயிரம் எம்ஏஎச் சேர்ந்தால் ஒரு ஏஎச். ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கினால் வருவது வாட்-அவர், அதுதான் பேக்கில் இருக்கும் மொத்த ஆற்றல். எம்ஏஎச் கணக்கை ஒரு செல்லின் 3.7 வோல்ட்டுக்குத்தான் போடுவார்கள். 37ஐ 3.7ஆல் வகுத்தால் 10. அதாவது 10000 எம்ஏஎச், சொன்னதில் பாதி. உண்மையான 20000 என்றால் 74 வாட்-அவர் இருக்க வேண்டும். பீக் ஆம்பியரை எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதில்லை, அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். வாட்-அவர் எண்ணே போடாத பேக்கை நான் தொடவே மாட்டேன்.

லித்தியம் பேக் வைத்திருப்பவர்களை ஏமாற்ற இன்னொரு வழி இருக்கிறது. சுத்தமாக இறங்கிப்போன கார் பேட்டரியில் மாட்டினால் அதன் ஸ்மார்ட் கிளிப்புக்கு எதிரே பேட்டரி இருப்பதே தெரியாது, மின்சாரம் விடாது. அது கோளாறு இல்லை. பல மாடல்களில் கேபிளிலேயே பூஸ்ட் பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் வேலை செய்யும். ஆனால் அழுத்தும்போது பிளஸ் மைனஸ் மாறினால் காக்கும் பாதுகாப்பும் விலகிவிடும், ஆகவே கிளிப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள். இது தெரியாமல் கடைக்குப் போனால் 'கேபிள் போச்சு' என்பார்கள். பேக் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்.

கடைக்காரரிடம் வீடியோவையும் பேட்டரியையும் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க பிரிச்சுட்டீங்க சார், இனி வாரண்டி கிடையாது" என்றார். 18 ஏஎச் போடுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் அவரே அனுப்பியிருந்த மெசேஜைக் காட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. பணம் தரவில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் சொல்லியும் கடைக்காரர் அசையாததால், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே நடத்தலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், பெட்டியைத் திறந்த வீடியோ, கையெழுத்துப் போட்ட அந்த விசிட்டிங் கார்டு, இவற்றை இணைத்திருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள். பழைய பேட்டரியையும் கேட்டு வாங்குங்கள். ஈயத்துக்குக் காயலான் விலை உண்டு, அது உங்கள் பணம்.

சமீபத்தில் எந்தக் கடையிலாவது இந்த வகைப் பெட்டிக்கு பேட்டரி மாற்றியவர்கள், அடுத்த தடவை வண்டியில் மாட்டுவதற்கு முன் நாலு ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பாருங்கள். கனத்த கேபிள் தட்டைத் தகட்டில் சால்டர் செய்யப்பட்டிருந்தால் எதையும் தொடாமல் போட்டோ எடுத்துவிட்டு, பெட்டியை அப்படியே மூடி வீட்டுக்கு வெளியே வையுங்கள். அதை சார்ஜும் போடாதீர்கள், வண்டியிலும் மாட்டாதீர்கள்.