பெங்களூரில் விற்கப்படும் 'மலையேற்றப் பயிற்சி': பணம் கட்டும் முன் படியுங்கள்

மடிவாளாவில் வெள்ளி இரவு பஸ் ஏற்றி ஞாயிறு இரவு திரும்பக் கொண்டுவந்து விடும் 'பேசிக் ஹைக்கிங் கோர்ஸ்' இது. வரைபடம் படிப்பது, காம்பஸ் பிடிப்பது, முதலுதவி, காட்டில் தைரியமாக நடப்பது எல்லாம் சொல்லித்தருவதாக விளம்பரம். முடிவில் சான்றிதழ் உண்டு. தலைக்கு 5,800 ரூபாய், முழுத் தொகையும் முன்பணம். தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய இந்த விளம்பரத்தை நம்பி 34 பேர் பணம் கட்டினார்கள். பெரும்பாலோர் அதுவரை மலை ஏறாதவர்கள். புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி விற்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

போக வேண்டிய இடம் குமார பர்வதம், 1,712 மீட்டர். முருகன் கோயிலுக்காக நம்மவர்கள் அடிக்கடி போகும் குக்கே சுப்ரமண்யாவிலிருந்துதான் ஏற்றம் தொடங்குகிறது. செக்போஸ்டில் வனக்காவலர் கன்னடத்தில் கேட்ட முதல் கேள்வியே "டிக்கெட் எல்லி?" (டிக்கெட் எங்கே?). மலையேற அனுமதி டிக்கெட் இல்லை. 2024 ஜனவரியில் இந்த மலையில் கூட்டம் நெரிந்த பிறகு கர்நாடக அரசு மலையேற்றத்தைச் சில காலம் நிறுத்தியது. அந்த அக்டோபரில் மலையேற்ற டிக்கெட்டை முன்பதிவு செய்யும் 'அரண்ய விஹார' இணையதளம் வந்தது. ஒரு பாதைக்கு நாளுக்கு 300 பேர்தான், ஒவ்வொருவர் பெயரிலும் அடையாள அட்டையோடு பதிவு வேண்டும். "பர்மிட் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால், உங்கள் பெயர் அச்சான டிக்கெட்டைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நமக்கு மறந்திருக்காது. அனுமதி இல்லாத பாதையில் நீங்கள் உள்ளே இருப்பதே வனத்துறைக்குத் தெரியாது. தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

டிக்கெட் கிடைத்திருந்தாலும் ஒரே நாளில் ஏறி இறங்கும் அந்தத் திட்டம் ஆபத்தானதுதான். குக்கேயிலிருந்து உச்சி ஒருவழிக்குச் சுமார் 13 கிலோமீட்டர், உயர ஏற்றம் ஏறத்தாழ 1,600 மீட்டர். மலையில் நடக்க ஆகும் நேரத்தைக் கணிக்கும் நெய்ஸ்மித் கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும். அனுபவசாலிக்கே ஐந்தேகால் மணி நேரம் ஆகும். புதியவர்கள் கொண்ட குழுவுக்கு அதை ஒன்றரை மடங்காக்கினால் எட்டு மணி நேரம். முழங்கால் தளர்ந்த பிறகு இறங்க ஐந்தாறு மணி நேரம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் கடைசி இரண்டு மணி நேரம் இருட்டில்தான். இந்தக் கூட்டல் கழித்தல்தான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். விளம்பரமோ 'ஈஸி டு மாடரேட்' என்றது.

செக்போஸ்டில் திருப்பியனுப்பிய பிறகு அருகிலுள்ள ஒரு தனியார் எஸ்டேட் குன்றுக்குக் கூட்டிப்போனார்கள். 34 பேருக்கு வழிகாட்டிகள் இரண்டே பேர், இருவரும் முன்னால். பின்னால் வரிசையை மூட ஆளில்லை. ஒரு கிளைப்பாதையில் நடுவில் வந்தவர்கள் இடப்பக்கம் திரும்பிவிட, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தார்கள். பத்து பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். கடைசியில் வருபவர் கட்டாயம் வழிகாட்டியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளைப்பாதையிலும் நின்று தலை எண்ண வேண்டும். விசில் எல்லோர் கழுத்திலும் இருக்க வேண்டும். ஆபத்தில் உதவி கேட்க: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று ஊதல்.

'வரைபடப் பயிற்சி' என்பது கைபேசி காம்பஸ் செயலியைத் திறந்து காட்டிய இருபது நிமிடம். உண்மையான பயிற்சியில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் கையில் இருக்கும். அதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், சமவுயரக் கோடுகளுக்கு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளி நெருங்கினால் அரை கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறப் போகிறீர்கள். காம்பஸைக் கைபேசி, பவர் பேங்க் பக்கத்தில் பிடித்தால் முள் விலகும். இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. கண்ணுக்குத் தெரியும் இரண்டு சிகரங்களின் திசையை அளந்து, கோடிழுத்து, நிற்கும் இடத்தைத் தாளில் குறிக்க வராதவருக்குப் பயிற்சி முடியவில்லை.

முதலுதவியில் சொல்லிக்கொடுத்தது இன்னும் மோசம். பாம்பு கடித்தால் மேலே கயிற்றை இறுக்கிக் கட்டு என்றார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். இறுக்கினால் ரத்தம் போகாமல் தசை அழுகும், அவிழ்த்ததும் விஷம் மொத்தமாக ஏறும். கீறுவது, உறிஞ்சுவது இரண்டும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சான்றிதழில் 'பேசிக் மவுண்டனீரிங்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் பெயரில் உண்மையான படிப்பு டார்ஜிலிங்கிலும் (1954 முதல்) உத்தரகாசியிலும் (1965 முதல்) உள்ள மலையேற்ற நிறுவனங்களில் நடக்கிறது, ஏறக்குறைய நான்கு வாரம். இரண்டு நாள் காகிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது 'இயற்கைக் காரணங்களால் ரீஃபண்ட் இல்லை' என்ற விதியைக் காட்டினார்கள். டிக்கெட் எடுக்காதது இயற்கைக் காரணம் இல்லை, சேவைக் குறைபாடு. விளம்பரம், யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் குழுவிலிருந்து நீக்கப்படும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீரவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.