சிம்லா வாடகை வீடா, டெல்லி சர்க்கார் பங்களாவா?

பிரிட்டிஷ் ஆட்சியில் உயர் அதிகாரிக்கு வருடத்துக்கு இரண்டு வீடு வேண்டும். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் டெல்லி (அதற்கு முன் கல்கத்தா). இரண்டு ஊரிலும் வீடு கிடைத்த விதத்துக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

சிம்லா 1864ல் கோடைத் தலைநகரானது. திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இல்லை. வீடுகளில் பெரும்பாலானவை தனியார் சொத்து. அதிகாரிகளே தேடிப் பிடித்து வாடகை கொடுக்க வேண்டும். வைஸ்ராய்க்கே 1888 வரை இடவசதி போதாத பீட்டர்ஹாஃப் என்ற வீடுதான். அப்புறம்தான் ஹென்றி இர்வின் வடிவமைத்த பெரிய மாளிகை வந்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் கைவைத்த அதே இர்வின்தான்.

மலையில் கட்ட இடம் குறைவு. சமஸ்தான ராஜாக்களும் அங்கே வீடு வாங்க ஆரம்பித்ததும், அதிகாரிகளுக்கு வீடு கிடைக்காமல் போகுமே என்று சர்க்கார் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. இன்னொரு தொல்லை, போக்குவரத்து. சிம்லா தெருவில் வண்டியில் போகும் உரிமை வைஸ்ராய், படைத் தளபதி, பஞ்சாப் கவர்னர் மூவருக்கு மட்டுமே. மற்ற எவ்வளவு பெரிய துரையானாலும் குதிரை, அல்லது நாலைந்து பேர் மூச்சிரைக்க இழுக்கும் ரிக்‌ஷா. வீடு அலுவலகத்துக்குப் பக்கமா, ஏற்றமா இறக்கமா என்பது தினசரிக் கவலை.

டெல்லியில் இந்தத் தேடலே கிடையாது. 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டெல்லியில் நடத்திய தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931ல் புது டெல்லி திறக்கப்பட்டது. யாருக்கு எங்கே வீடு என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிட்டது. ரைசினா குன்றின் மேல் வைஸ்ராய். அவருக்குத் தெற்கே தளபதியின் மாளிகை (பின்னாளில் நேரு குடியிருந்த தீன் மூர்த்தி இல்லம்). சுற்றிலும் பெரிய அதிகாரிகளின் வெள்ளை பங்களாக்கள்: தடித்த சுவர், உயர்ந்த கூரை, அகன்ற வராந்தா, முன்னால் புல்வெளி, பின்னால் வேலைக்காரர் வரிசை வீடுகள். இந்தியக் குமாஸ்தாக்கள் தள்ளி, கோல் மார்க்கெட் பக்கம். பதவியோடு தோலின் நிறமும் கணக்கில் சேர்ந்தது. முகவரியைச் சொன்னாலே சம்பளம் தெரிந்துவிடும்.

பெரிய அதிகாரிக்கு டெல்லிதான் லாபம், சந்தேகமே இல்லை. சர்க்கார் வீட்டுக்குச் சாதாரணமாகச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாடகை பிடிக்கக் கூடாது என்று விதி. கட்டிய செலவை அதில் எடுக்க முடியுமா? கையைக் கடித்தது கஜானாவுக்குத்தான்.

ஆனால் நடுத்தரப் பதவியில் இருந்து, சொந்தப் பணமும் உள்ளவருக்கு சிம்லாவே மேல் என்பேன். காசு இருந்தால் மேலதிகாரியைவிட நல்ல வீட்டில் இருக்கலாம். டெல்லியில் அந்த வேலை நடக்காது. பதவி உயர்வு வரும்வரை பொறுக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைத்தது டெல்லி முறைதான். மத்திய அரசுக் குடியிருப்புகள் இன்றும் டைப் 1 முதல் டைப் 8 வரை சம்பள நிலைப்படிதான் ஒதுக்கப்படுகின்றன.