கிணற்று நீரா, குழாய் நீரா?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி மணலில் தோண்டிய கிணற்று நீர் பளிங்குபோலத் தெளிவாக இருக்கும். நம்மை ஏமாற்றுவதும் அந்தத் தெளிவுதான். மலசலகூடக் குழியிலிருந்தும் தோட்டத்துக்கு இட்ட யூரியாவிலிருந்தும் மணலூடாக இறங்கும் நைத்திரேற்று என்னும் உப்புக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அந்த நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்ல வேண்டும்.

கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்துத் தரும் குழாயில் குளோரின் வாடை என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த வாடைதான் காவல். வீட்டுக் குழாயிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் தெரிவு, குடிக்கக் குழாய், குளிக்கக் கிணறு. கிணற்றையே நம்பியிருப்பவர்கள் மாரி வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நீரைச் சோதியுங்கள். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்று கூட இருக்கக் கூடாது.