தயிர் சாதம், கோழிச் சோறு, பாக்கெட் உணவு: நாயின் தட்டில் எது தேறும்?

சென்னையில் வீட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் மூன்று சாப்பாடுகளில் ஒன்றுதான் கிடைக்கிறது. மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்துச் சைவ வீடுகளில் தயிர் சாதம். அசைவ வீடுகளில் கோழியும் சோறும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்ககங்களில் பாக்கெட் உணவு. ஒவ்வொரு தரப்பும் மற்ற இரண்டையும் கொஞ்சம் இளக்காரமாகவே பார்க்கிறது. வழக்கைத் தீர்க்க ஒரே நாயை மூன்று தட்டுகளுக்கும் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம்.

10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த ஸ்பிட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். தீவனத் தரத்துக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் (AAFCO) அளவுகோலின்படி, அந்த 600-க்குள் குறைந்தது 27 கிராம் புரதமும் 750 மில்லிகிராம் கால்சியமும் இருந்தாக வேண்டும்.

தயிர் சாதத்தை முதலில் பார்ப்போம். 350 கிராம் சோறும் 200 கிராம் தயிரும் சேர்ந்தால் கலோரி கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. புரதமோ 16, 17 கிராமோடு நின்றுவிடுகிறது. கால்சியம் 300-ஐத் தொடுவதே கடினம். வயிறு நிறையும், வாலும் ஆடும், தசை மட்டும் மெல்லக் கரையும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தயிர் சாதம் போதாது என்று அதைப் போடுகிறவர்களுக்கே உள்ளூரத் தெரியும்.

கோழிச் சோறு அப்படியல்ல. அது போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், சிக்கல் அங்கேதான். எலும்பு நீக்கி வேகவைத்த 200 கிராம் கோழித் தொடைக்கறியோடு 150 கிராம் சோறு என்றால் புரதம் 50 கிராம் வரை போகிறது, தேவையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கால்சியமோ 40 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. எல்லோரும் கேலி செய்யும் தயிர் சாதம் இந்த ஒரு கணக்கில் கோழிச் சோற்றை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, இரு மடங்கு வரையோ இருக்க வேண்டும். இந்தத் தட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு மேல்.

குறையும் கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே தெரியும், வீட்டாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ‘மொட்டை மாடி வெயிலில்தானே கிடக்கிறது, வைட்டமின் டி கிடைத்துவிடும்’ என்பதும் நடக்காத காரியம். மனிதத் தோலைப் போல நாயின் தோல் வெயிலிலிருந்து அதைப் போதிய அளவு தயாரிப்பதில்லை. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு.

கோழிக் கழுத்தையும் காலையும் குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, எலும்போடு மசித்துப் போடுகிறவர்கள் உண்டு. இவர்கள் பாதி வழி வந்துவிட்டவர்கள். எலும்பில் கால்சியம் இருக்கிறது, ஆனால் எந்த நாளில் எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடியாது. சரியாக மசியாத எலும்புத் துண்டு குடலைக் கிழிக்கவும் கூடும்.

கோழிச் சோற்றைத் திருத்த முடியும். அதே ஸ்பிட்ஸுக்கு வெந்த கோழிக்கறி 130 கிராம், கோழி ஈரல் 15 கிராம், முள் நீக்கிய மத்தி மீன் 25 கிராம், சோறு 180 கிராம், பூசணி அல்லது பீன்ஸ் ஒரு பிடி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. நாய்க்கு அவசியமான லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் தாராளம், தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. ஈரலைக் கூட்டினால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். இவற்றோடு, கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் கால்சியக் கணக்கு நேராகிறது. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, ஆகவே குழம்புக் கறியைக் கழுவிப் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை இடிக்கும். நாய்களுக்கென்றே உள்ள, வீட்டுச் சமையலை நிறைவாக்கும் தாது உப்பு–வைட்டமின் பொடி இல்லாமல் அது தீராது. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளை நம்பியும் பயனில்லை. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் 200 வீட்டுச் செய்முறைகளை அலசினார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. உங்கள் நாய்க்கான அளவை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடமோ கேட்டு வாங்குவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் கேட்காமல் அடுப்பையே பற்றவைக்கக் கூடாது.

பாக்கெட் உணவில் இந்தத் தலைவலி இல்லை. ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்பதும், எந்த வயது நாய்க்கு என்பதும் உறையில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தால் கணக்கு வேலை முடிந்தது. இந்த ஸ்பிட்ஸுக்கு நாளொன்றுக்கு 160, 170 கிராம் போதும். ஆனால் நம் ஊர்க் காற்று அதற்கு எதிரி. பிரித்த பையில் உள்ள கொழுப்பு சென்னையின் வெப்பத்திலும் ஈரத்திலும் சீக்கிரம் காறிப்போகும். கடைகளில் சாக்கிலிருந்து சில்லறையாக நிறுத்துத் தருவதை நான் வாங்க மாட்டேன். அது எப்போது பிரித்த சாக்கு என்று யாருக்குத் தெரியும்? சிறிய பையாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். இதில் ஈரப்பதம் பத்து சதவீத அளவுதான் என்பதால் மே மாதத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுப்பது நல்லது.

பச்சைக் கறி பற்றி ஒரே வரி: கோழிக்கறியில் சால்மோனெல்லா சாதாரணம், வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தால் வேண்டாம்.

என் தேர்வு: சமையலறையில் தராசும், அந்தத் தாது உப்பு–வைட்டமின் பொடியும், தினமும் அளந்து போடும் பொறுமையும் இருக்கிற வீட்டில் திருத்திய கோழிச் சோறு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நல்ல பாக்கெட் உணவு. சைவ வீடுகளில் முட்டைக்காவது இடம் இருந்தால் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் பாக்கெட்தான். தயிர் ஒரு கரண்டி மேலே விழுந்தால் குற்றமில்லை. மாறும்போது ஒரு வாரம் பழையதோடு புதியதைக் கலந்து, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழிச்சல் பிடிக்கும்.

குட்டிகளுக்கு இந்த முட்டை ஓட்டுக் கணக்கு பொருந்தாது. லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் குறைந்தாலும் எலும்பு கோணும், கூடினாலும் கோணும். வளர்ந்து முடியும் வரை அவற்றுக்குக் குட்டிகளுக்கான பாக்கெட் உணவைக் கொடுத்துவிட்டு, சமையலைப் பிறகு தொடங்கலாம்.