இரணைமடுக் கட்டில் ஓடிய குதிரை

வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னி அரசன் பண்டாரவன்னியனைப் பற்றிய நாவல் என்றதும் அட்டைப்படத்தைப் பார்த்தே வவுனியாவில் ஒரு கடையில் வாங்கிவிட்டேன், பிழை என்னுடையதுதான். தொடக்கம் நன்றாகத்தான் போகிறது. பாலைமரமும் வீரைமரமும் கலந்த காடு, மாரிக்குச் சேறாகிற வண்டிப்பாதை, இதெல்லாம் எழுதியவர் கண்ணால் கண்டவர் போலிருக்கிறது.

அப்புறம் பார்த்தால், 1803 இல் வீரர்கள் இரணைமடுக் குளக்கட்டில் குதிரை ஓட்டுகிறார்கள்! அந்தக் குளத்தைக் கட்டத் தொடங்கியதே 1902 இல். நான் சத்தமாக வாசிக்க, இரணைமடுத் தண்ணியில் முப்பது வருசம் வயல் செய்த அப்பா, "அப்ப குதிரை காத்திலயோ ஓடினது?" என்று கேட்டுவிட்டுப் போனார். சரி, ஒரு இடம் தவறிவிட்டது என்று விட்டால், அடுத்த அத்தியாயத்தில் ஒற்றர்கள் மரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டம் வந்தது 1867 இல். கஞ்சி கொடுத்திருக்கலாமே!

எனக்கு உண்மையில் கோபம் வந்தது முடிவில்தான். ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் நாயகன் செத்து விழுகிறான், பத்துப் பக்கத்துக்கு ஒப்பாரி. அங்கே நாட்டிய நினைவுக்கல்லில் ஆங்கிலேயப் படைக் கப்டன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்றுதான் இருந்தது, கொன்றான் என்று இல்லை. பக்கத்திலுள்ள ஒட்டுசுட்டானுக்குப் போய் யாரையாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 25, முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிக்கிற அத்தியாயத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். அதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். என்னுடையது இப்போது அப்பாவிடம் இருக்கிறது, பிழை பிடிக்க.